தானாக அமுங்கும் சிவப்புப் பொத்தான்

வேன் ரிங்லெட் என்ற மலையூரைத் தாண்டித் தேயிலைத் தோட்டத்துக் கிளைச்சாலையில் திரும்பியபோது மணி பிற்பகல் மூன்றுதான். ஆனாலும் குகனேஸ்வரன் விளக்கைப் போட்டுத்தான் ஓட்டினான். மூடுபனி அப்படி இறங்கியிருந்தது. பக்கத்தில் தனுஜா உட்கார்ந்திருந்தாள்.

கணவன் மனைவி இருவருக்கும் ஒரே வேலை. ஈப்போவில் ஓர் ஒப்பந்தக் கம்பெனிக்காக மின்கார் சார்ஜர்களைப் பழுதுபார்க்கிறவர்கள். இந்தத் தோட்டத்துக்கு நான்கு மாதமாக இருவரும் வரவில்லை. அவர்களோடு வேலை செய்த பூவிழி, குகனேஸ்வரனோடு வந்து இங்கே இருக்கும் சார்ஜரைத் திறந்து கைவைத்தபோது மின்சாரம் தாக்கிச் செத்துப்போனாள். அதன் பிறகு இந்த இடத்திலிருந்து புகார் வந்தபோதெல்லாம் குகனேஸ்வரன் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தான். இந்த முறை அனுப்ப வேறு ஆள் இல்லை.

புகார் ஒன்றேதான். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நின்றுவிடுகிறது. ஓடிவந்து பார்த்தால் அவசரத்துக்கு நிறுத்தும் சிவப்புப் பொத்தான் அமுங்கிக் கிடக்கிறது. குரங்கு என்றார்கள். பள்ளிப் பிள்ளைகள் என்றார்கள். கேமராவில் ஒருவரும் இல்லை.

தேயிலை ஆலைக்குக் கீழே, பூட்டிக்கிடந்த டீக்கடையை ஒட்டி அந்த சார்ஜர் நின்றது. அதில் மாட்டியிருந்த வெள்ளைக் காருக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் குடையோடு காத்திருந்தார். ரிங்லெட்டில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் ஜப்பார்.

"வா தங்கச்சி. அரை மணி நேரமா நிக்கிறேன். பாதில நின்னுருச்சு, பிளக்கும் கழல மாட்டேங்குது லா."

தனுஜா பொத்தானைத் திருகினாள். அது வெளியே துள்ளியது. இயந்திரம் உயிர்பெற்றதும் காரின் பூட்டு விடுபட்டு பிளக் கையோடு வந்தது. முனையைத் துடைத்துப் பார்த்தாள். ஈரமில்லை. கேபிளில் கீறல் இல்லை. கோளாறு பொத்தானுக்குப் பின்னால் இருக்க வேண்டும். பெட்டியைத் திறந்துதான் ஆக வேண்டும்.

பெட்டிக்குள் இருக்கும் சுவிட்சை அணைத்தால் திரை இருண்டுவிடும். ஆனால் மண்ணுக்கடியிலிருந்து பெட்டிக்குள் ஏறும் தடித்த கம்பிகளில் மின்சாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதை நிறுத்த, தேயிலைச் சரிவில் நூற்றிருபது படி ஏறி, மேலே உள்ள சுவிட்சு ரூமில் கைப்பிடியை இறக்கிப் பூட்ட வேண்டும்.

"நான் போறேன்" என்றான் குகனேஸ்வரன். பூட்டை எடுத்துக்கொண்டு பனிக்குள் போனான். வளைவில் நின்ற வேனையும் பனி விழுங்கியிருந்தது.

பத்து நிமிடத்தில் போன் வந்தது.

"ஆஃப் பண்ணி பூட்டும் போட்டாச்சு தனு. கை வைக்கலாம்."

கை வைக்குமுன் டெஸ்டர் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. கல்யாணமான ஏழு வருடத்தில், அவன் சொன்ன பிறகு அவள் டெஸ்டர் வைத்ததில்லை. போனை மூடாமல் சட்டைப் பையில் போட்டாள். பெட்டிக் கதவைத் திறந்து, உள்சுவிட்சை அணைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

டக்.

சிவப்புப் பொத்தான் உள்ளே போயிருந்தது.

தேய்ந்த ஸ்பிரிங்காக இருக்கும் என்று நினைத்தாள். திருகி வெளியே எடுத்தாள். மறுபடி கையை நீட்டினாள்.

டக்.

இந்த முறை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கட்டைவிரலால் நிதானமாக அழுத்துவதுபோலப் பொத்தான் மெல்ல மெல்ல உள்ளே போயிற்று.

ஆலைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த பச்சைத் தேயிலை வாசம் நின்றுபோனது. நனைந்த மழைக்கோட்டின் ரப்பர் வாடை வந்தது. அதற்கடியில் கருகிய மயிர் வாடை.

அவள் காதோரம் ஈரமாக ஒரு மூச்சு பட்டது.

"வெச்சுப் பாரு, தனு."

அப்படி அவளைக் கூப்பிடுகிறவர்கள் இரண்டே பேர். ஒருவன் சுவிட்சு ரூமில் இருக்கிறான்.

டெஸ்டரைக் கம்பிக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். சிவப்பு விளக்கு எரிந்தது. டெஸ்டர் விடாமல் அலறியது. கம்பியில் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"யா அல்லாஹ்!" என்று ஜப்பார் இரண்டடி பின்னால் போனார்.

தனுஜா போனை எடுத்தாள். "என்னங்க, எங்க இருக்கீங்க?"

"சுவிட்சு ரூம்லதான்."

அவன் குரலுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. கிரீச்... கிரீச்... வேனின் வைப்பர்.

அவள் ஓடினாள். ஜப்பாரும் பின்னால் வந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு, பூட்டை மடியில் வைத்துக்கொண்டு குகனேஸ்வரன் வேனுக்குள் உட்கார்ந்திருந்தான். கதவை அவள்தான் திறந்தாள்.

ஜப்பார் அவனை உற்றுப் பார்த்தார். "இந்த ஆளா? அன்னிக்கும் இங்கனதான் உக்காந்திருந்தாரு."

"என்னைக்கு பாய்?"

"அந்தப் புள்ள மவுத்தான அன்னிக்கு. நல்ல மழை. நான் டீக்கடையில ஒதுங்கி நின்னேன். ஆஃப் பண்ணியாச்சாண்ணேன்னு அது போன்ல கேட்டுச்சு. ரெண்டு வாட்டி கேட்டுச்சு. இவரு வேன்ல உக்காந்துக்கிட்டுப் பேசினாரு. வேற யார்கிட்டயோன்னு நெனச்சேன்."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யாரும் என்னைக் கேக்கல தங்கச்சி." அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

குகனேஸ்வரன் படிகளில் ஏறுவதற்குள் பூவிழி அவசரப்பட்டுப் பெட்டியைத் திறந்துவிட்டாள் என்றுதான் விசாரணை அறிக்கையில் இருந்தது. பூவிழிக்கு எதிலும் அவசரம் என்று எழுதிக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டவள் தனுஜா. புருசன் சொன்னதை நம்பி, தோட்டத்து லைன் வீட்டு வரிசையில் கூடப் பிறந்தவள் மாதிரி வளர்ந்த தோழியைப் பற்றி அப்படி எழுதியிருந்தாள்.

"ஏறவே இல்லையா நீங்க?"

"மழை தனு. மெஷின் எப்படியும் செத்துத்தான் கெடக்குன்னு நெனச்சேன்." அவன் உதடு கோணியது. "சத்தியமா அவ்வளவுதான்."

"இன்னிக்கு? உள்ள கைய நீட்டினது நான்."

"இன்னிக்கு ஏறினேன். பாதிப் படி வரைக்கும் ஏறினேன்." அவன் குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. "மேல கதவுகிட்ட அவ நிக்கிறா. மழைக்கோட்டோட நிக்கிறா. கைய நீட்டி, பூட்டக் குடுங்கண்ணேன்னு கேக்கிறா."

"அதனால என்கிட்ட பொய் சொன்னீங்க."

பூட்டை அவன் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு தனுஜா நடந்தாள்.

நூற்றிருபது படி. இரண்டு பக்கமும் தேயிலைச் செடிகள் பனியில் அசையாமல் நின்றன. சுவிட்சு ரூம் வாசலில் யாரும் இல்லை. கைப்பிடி ஏறித்தான் இருந்தது. அவள் அதை இறக்கிப் பூட்டினாள். திரும்பும்போது பார்த்தாள். சிமென்டு வாசற்படியில் இரண்டு பாதங்கள் அளவுக்குத் தண்ணீர் தேங்கி நின்றது. வேறெங்கும் ஈரமில்லை.

அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

அன்று மாலையே ஜப்பாரின் காரில் போய் ரிங்லெட் போலீசில் அவரும் தனுஜாவும் வாக்குமூலம் கொடுத்தார்கள். முன்பு எழுதிக்கொடுத்தது பொய் என்று தனுஜா தன் கையாலேயே எழுதினாள். தன்னைக் கூட்டிப்போக வந்த போலீஸ்காரர் முன்னால், "கட்டின புருசனையே காட்டிக்குடுத்துட்டியே" என்றான் குகனேஸ்வரன். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

தோட்டத்தார் அந்த சார்ஜர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வேறு ஆட்கள் போய்க் கழற்றி, லோரியில் ஈப்போ ஸ்டோருக்குக் கொண்டுவந்து போட்டார்கள். பாகம் பாகமாகப் பிரித்து வைக்கும் வேலை தனுஜாவுக்கு வந்தது.

நல்ல வெயில் அடிக்கும் காலை நேரம். வாசலில் ஆட்கள் பேசிக்கொண்டு நின்றார்கள். வெட்டிச் சுருட்டிய கேபிள் ஒரு மூலையில் கிடந்தது. மின்சாரத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத வெறும் துண்டு. அதன் பிளக்கைப் பிடித்துத் தூக்கினாள்.

பிடி வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ வெகுநேரம் பிடித்திருந்து இப்போதுதான் கைமாற்றியது போல.

"பூவு," என்றாள் மெதுவாக. "நான் எழுதினது தப்புடி. என்னை மன்னிச்சிரு."

வெதுவெதுப்பு குறையவில்லை. விரல்களுக்கு இடையில் ஐந்து விரல்கள் வந்து பொருந்தின.

தனுஜா கையை எடுக்கப் பார்த்தாள்.

விரல்கள் விடவில்லை.