கண் திறக்காத சித்திரம்

அந்திவெயில் பெண்ணையாற்றின் மீது பொன்னாகப் பரவிக் கிடக்க, கீழ்வானில் முழுநிலவு அவசரமின்றி எட்டிப் பார்க்கத் தொடங்கிய அந்த இனிய வேளையில், நெடுங்கரைக் கோட்டையின் படித்துறை மண்டபத்தில் இளவரசி உமைநங்கை கைவிரலெல்லாம் கரியாக உட்கார்ந்திருந்தாள். ராஜகுமாரியின் விரலில் மருதோன்றிச் சிவப்பு இருக்கலாம், கரி எப்படி வந்தது என்று வாசக அன்பர்கள் வியக்கக் கூடும். சொல்லிவிடுகிறேன்.

செங்குன்ற நாட்டு இளவரசர் பூதிவேளுக்கு அவளைப் பெண் கேட்டு, அவருடைய சித்திரத்தோடு தூதுவர் வந்திருந்தார். படத்திலோ தாமரைக் கண், வில் புருவம், குமிழம்பூ மூக்கு; கோயில் சுவரிலிருந்து இறங்கி வந்த முருகப்பெருமானேதான்! தெய்வங்களை அளவு பிசகாமல் எழுதிப் பழகிய நம் ஓவியர்கள், மனிதனை எழுதச் சொன்னாலும் அந்தக் கணக்கையே போடுவார்கள்.

"இந்த முகத்துக்கு மாலையிடுவதென்றால் கோயிலுக்கே போய் இட்டுவிடுவேனே!" என்று அவள் சிரித்தாலும் உள்ளுக்குள் பயந்தாள். முகமே தெரியாதவரோடு ஆயுள் முழுதும் வாழ்வது எப்படி? தூதுவர் மறுநாள் புறப்படுகிறார். மறுத்துவிடுவதென்றே முடிவு செய்திருந்தாள். ஆனாலும் உயிருள்ள முகத்தை உள்ளபடி எழுதத்தான் முடியாதா என்ற பிடிவாதம் அவளை விடவில்லை. தோழி அல்லியை உட்கார வைத்துக் கரிக்கோலால் எழுதினாள், துணியில் பார்வதி வந்தாள். மடைப்பள்ளிக் கிழவியை எழுதினாள்; அவளும் பார்வதியாகவே வந்தாள். இன்று அகப்பட்டவன் தூதுவரின் படகைச் செலுத்தி வந்த ஓடக்காரன்.

"அசையாதீர், ஓடக்காரரே!"

"மூக்கில் ஈ உட்கார்ந்திருக்கிறது, தேவி. அதையும் எழுதுவதானால் அசையாமல் இருக்கிறேன்."

உமைநங்கை சிரித்துக்கொண்டே அந்த மூக்கை உற்றுப் பார்த்தாள். அது இடப்பக்கம் சற்றுக் கோணியிருந்தது. எழுதி வைத்திருந்த குமிழம்பூவை அழித்துவிட்டுக் கோணலைக் கோணலாகவே எழுதினாள். அடடா, துணியில் ஒரு மனிதன் வந்துவிட்டான்! அவளுக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி.

தோளை எழுதும்போது அல்லி குனிந்து பார்த்தாள். "கறுத்த தோளில் இதென்ன வெளுத்த பட்டை, அம்மா? கரி பூசி நிரவிவிடுங்கள்."

நிரவப் போன விரல் நின்றது. "கண்டதைத்தான் எழுதுவேன்" என்றாள் உமைநங்கை. அந்தப் பட்டையை எழுத எழுத, வெயில் படாமல் அவ்விடத்தை மறைத்திருந்தது எது என்பது அவளுக்கு விளங்கிவிட்டது.

"துடுப்புப் போடுகிறவர் தோளில் அரசகுமாரர் அணியும் வாகுவலயத்துக்கு என்ன வேலை, ஐயா?"

ஓடக்காரன் எழுந்து கைகூப்பினான். "செங்குன்றத்துப் பூதிவேள் நான்தான், தேவி. தங்கள் சித்திரமும் எங்கள் அரண்மனைக்கு வந்தது. அதற்கு மீசை வைத்தால் என் சித்திரம்! தங்கள் மோவாயிலுள்ள அழகிய தழும்பைப் பற்றி அது மூச்சு விடவில்லை. மெய்யான முகத்தைக் காண வேண்டித்தான் வேடம் பூண்டேன். குற்றம்தான்; எந்தத் தண்டனையானாலும் ஏற்கிறேன்."

"தழும்பு மாமரத்திலிருந்து விழுந்தபோது பட்டது" என்றாள் அவள், கன்னம் சிவக்க. "உட்காருங்கள். இன்னும் கண் திறக்கவில்லை."

ஓவியர் மரபில் கண்களைக் கடைசியில்தானே திறப்பார்கள்! அதற்கு அவர் கண்களை நேருக்கு நேர் பார்த்தாக வேண்டும். அவள் பார்த்தாள், அவை தாமரையாக இல்லை, சற்றே பயந்த, சிரிக்கின்ற இரண்டு கண்களாக இருந்தன. அச்சம் தனக்கு மட்டுமல்ல என்று தெரிந்ததும் அவள் மனம் நிறைந்து போயிற்று.

கண் திறக்காமலே கரிக்கோலைக் கீழே வைத்தாள். படித்துறையில் இறங்கி, கரி படிந்த கையால் ஆற்றுநீரை அள்ளினாள்.

"தூதுவரிடம் சொல்லிவிடுங்கள், இந்தக் கோணல் மூக்குக்காரருக்கன்றி வேறெவருக்கும் என் கை மாலை எடுக்காது. பெண்ணைத் தாய் சாட்சி!"