பிக்ஸ்பி வீட்டுக் கரண்டிகள்

"மண்ணுக்குள் வரலாறு உறங்குகிறது, அதன் மூச்சைக் கேட்கும் காதுகள் சிலருக்கே வாய்க்கின்றன!"

மண்ணில் புதைந்த பழம்பொருள் தேடுவோரின் மெட்டல் டிடெக்டர் சங்கத் தலைவர் ஆரின் தர்லோ ஆண்டுக் கூட்டந்தோறும் இப்படி முழங்குவார். பதினாறு வருடங்களில் அந்தக் காதுகள் கண்டெடுத்தவற்றில் பாதி, பீர் பாட்டில் மூடிகள்.

நிலத்துக்காரி லூவெல்லா பிக்ஸ்பி பின்னால் நின்று ஐந்து நிமிடமாகக் கத்தியதும் அந்தக் காதுகளில் விழவில்லை. ஹெட்ஃபோன் மாட்டியிருந்தார்.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு மேப்பிள் காடு. மே மாதத் தூறல். பிரிட்டிஷ் ராஜா காலத்து வீடு ஒன்று மறைந்து, நிலவறைக் குழி மட்டும் மிச்சம். வாசல் இருந்த இடத்தில் ஊதாப்பூ லைலாக் செடி, வீடு போன சேதி தெரியாமல் பூத்திருந்தது...

ஒருவழியாக ஆரின் திரும்பினார். மழை நேரத்து ஏரியைப் போல் சாம்பல் நிறத்தில் இரண்டு கண்கள்... கோபமாக.

"யாரைக் கேட்டுத் தோண்டுறீங்க?"

"உங்க அண்ணன்தான் சம்மதிச்சார், மேடம்..."

"அவன் ஃப்ளோரிடாவுல வெயில் காயறான்! இது எங்க முப்பாட்டன், சுதந்திரப் போர்ல சண்டை போட்ட கர்னல் பிக்ஸ்பி வாழ்ந்த வீடு. தெரியுமா?"

ஆரின் உள்ளங்கையை விரித்தார். தட்டையான ஈயப் பொத்தான்.

"கர்னல் இதைப் போட மாட்டாருங்க. இது விவசாயி சட்டைப் பொத்தான்."

இருபது வருடமாக ஜூலை மாதச் சுதந்திர தின ஊர்வலத்தில் கர்னலின் வாரிசாக முன்னால் நடப்பவள் அவள். முகம் சிவந்துவிட்டது.

"தோண்டுங்க! வெள்ளிப் பொத்தான் வரும். மெஷின் எதையாவது கண்டு சத்தம் போடற வரைக்கும் வரலாம். நின்னுதுன்னா, இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கக் கூடாது."

சனிக்கிழமைதோறும் வந்தார். ஒரு தையல் விரலுறை. பிறகு ஒரு குழந்தையின் காலணிக் கொக்கி. அதைக் கையில் வாங்கி, முந்தானை போல் மேலங்கி நுனியால் மண்ணைத் துடைத்தாள்.

"சின்ன வயசுல இந்தக் குழியிலதான் வீடு கட்டி விளையாடுவேன். கல்லுதான் தட்டு, இலைதான் ரொட்டி... எனக்கு முன்னாடியே ஒருத்தி இங்க ஓடியிருக்கா, பாருங்களேன்."

அவர் தலையாட்டினார். மனைவி இறந்த பிறகு, வீட்டில் சத்தமே இல்லையென்று வாங்கியதுதான் அந்த மெஷின். இப்போது அது சத்தமிடாத நாளை நினைத்துப் பயந்தார்.

செப்டம்பரில் அந்த நாள் வந்தது. மூன்று மணி நேரம்... ஒரு முனகல்கூட இல்லை. எதையாவது தானே புதைத்து எடுக்கலாம்தான். ஆனால் அப்படிச் செய்த ஓர் உறுப்பினரைச் சொற்பொழிவோடு சங்கத்திலிருந்து நீக்கியவரே அவர்தான்.

"அடுத்த வாரம்... லைலாக் பக்கம் ஒருதரம் பாத்துட்டு முடிச்சுக்கறேன்" என்றார், அவள் கண்ணைப் பார்க்காமல்.

அடுத்த வாரம், ஜூனில் மூன்று முறை அலசிய அதே லைலாக் அடியில் மெஷின் அலறியது. கரண்டி. இன்னொன்று. இன்னொன்று... மொத்தம் ஏழு. கைப்பிடியில் நீலப் பறவை. ஒவ்வொரு சனிக்கிழமையும் லூவெல்லா கொடுத்த காபியைக் கலக்கிய அதே பறவை.

லூவெல்லா காபியோடு வந்தாள். கோப்பையில் ஒரு முள்கரண்டி நின்றது.

"ஏதாச்சும் கிடைச்சுதா?"

"கர்னலோட கரண்டிங்க. பின்னாடி 'ஸ்டெயின்லெஸ்'னு போட்டிருக்கு."

"கர்னல் காலத்தை மிஞ்சின மனுஷன்..." என்றவள், சட்டென்று தலை குனிந்தாள். "அவர் கர்னலே இல்ல, ஆரின். ரெண்டு மாசம் முன்னாடியே நூலகத்துப் பழைய பதிவேட்டுல பாத்துட்டேன். உருளைக்கிழங்கு பயிர் பண்ணினவர்."

"அப்புறம் ஏன் என்னைத் தோண்ட விட்டீங்க?"

"மெஷின் நின்னா நீங்களும் நின்னுடுவீங்களே..."

தூறல் ஆரம்பித்தது. அவர் ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

"மெஷின் இல்லாம வரலாமா, லூவெல்லா?"

"சனிக்கிழமை மட்டுமா?"

"எல்லாக் கிழமையும். எனக்கு உங்க குரல்தான் வேணும்..."

அடுத்த மே மாதம், லைலாக் பூத்தபோது, அதன் அருகிலேயே திருமணம்.

அவள் புதைத்தது எட்டுக் கரண்டி. எட்டாவது இன்னும் கிடைக்கவில்லை. சங்கத் தலைவர் இன்னும் அவர்தான்.