விரல்களுக்கு விடுமுறை

பெருநாளுக்கு முந்தின நாள். பழவேற்காட்டில், அப்துல் ரவூப் வீட்டில் பிரியாணியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் ஒரு லேப்டாப்பை முறைத்துக்கொண்டிருந்தார்கள். லேப்டாப்பும் பதிலுக்கு முறைத்தது.

அவருடைய மூத்த மகள் சமீனாவுக்குத் திருவள்ளூர் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்ததா என்று அன்றுதான் தெரியும். இணையத்தில் ஓர் அட்டவணை வரும். அதில் அவள் பெயர் இருந்தால், பக்கத்தில் இருக்கும் ‘சம்மதம்’ பட்டனை ஐந்து மணிக்குள் அழுத்த வேண்டும். தவறினால் இடம் வேறு யாருக்காவது போய்விடும். மணி நாலரையைத் தாண்டிவிட்டது.

அட்டவணையில் ‘பெயர்’, ‘பாடம்’, ‘கல்லூரி’ என்ற தலைப்புகள் மட்டும் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன. கீழே வெள்ளை வெளேரென்று ஒன்றுமே இல்லை.

லேப்டாப் முஜீப் சாச்சாவுடையது. வாப்பா அப்துல் ரவூப்பின் தம்பியான அவருக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை. இதெல்லாம் தனக்குத் தண்ணி பட்ட பாடு என்று சொல்லி ரெஃப்ரெஷ் பட்டனைத் தட்டினார். வரவில்லை. மறுபடியும் தட்டினார். அடுத்து வாப்பா, இறால் பெட்டியின் மூடியைத் தட்டுவதுபோலத் தட்டினார். பெருநாளுக்கு வந்திருந்த குல்சும் மாமி பிஸ்மில்லா சொல்லித் தட்டினார்.

சமீனா மட்டும் சுவரோரம் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தாள். அக்கா நகம் கடித்து அவள் தங்கை ஹஸ்னா பார்த்ததே இல்லை.

ஆறாம் வகுப்பு படிக்கும் ஹஸ்னா கையில் மருதாணிக் கோனோடு எல்லோருக்கும் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். அட்டவணையில் இரண்டு பெயர்கள் மெல்ல எட்டிப் பார்த்தன. மூன்றாவது வருவதற்குள் சாச்சாவின் விரல் பாய்ந்தது. திரை மறுபடி வெள்ளை.

“சாச்சா, பேருங்க வந்துகினேதான் கீது. நீங்க தட்டத் தட்ட மொதல்லேர்ந்து ஆரம்பிக்குது.”

“உனுக்கு இன்னா தெரியும்? சும்மா இரு.”

“பரோட்டாவ கல்லுல போட்டப்புறம், ‘மாஸ்டர், பரோட்டா’ன்னு நீங்க கேக்கறப்பல்லாம் அவரு அதத் தூக்கிப் போட்டுட்டு மறுபடியும் மாவு பெசஞ்சா, எப்பத்தான் துன்றது?”

இந்தக் கணக்கு சாச்சாவுக்கு உடனே விளங்கியது. அவருக்குப் பரோட்டா பிடிக்கும். இனி யாரும் தொடுவதில்லை என்று எல்லோரும் ஒரே குரலில் ஒத்துக்கொண்டார்கள். அந்த ஒற்றுமை ஒரு தும்மல் நேரம் நீடித்தது.

“நான் தட்டல. வெரலு தானா போயிடுச்சு” என்றார் குல்சும் மாமி.

சொல்லிப் பயனில்லை என்று ஹஸ்னாவுக்குப் புரிந்தது. விரல்கள் இருக்கும்வரை அவை தட்டத்தான் தட்டும்.

அவள் மாமியின் கையைப் பிடித்து, பத்து விரல் நுனிக்கும் மருதாணித் தொப்பி போட்டாள். மாமிக்கு ஏக சந்தோஷம். வாப்பா தனக்கு எதற்கு என்று முனகினாலும், சின்ன மகள் கேட்டு அவர் இதுவரை எதையும் மறுத்ததில்லை. சாச்சா மட்டும் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். அதுவும் வசதியாகத்தான் இருந்தது. ஹஸ்னா பின்னால் போய்ப் போட்டுவிட்டாள்.

தன் விரல்களும் துறுதுறுவென்றுதான் இருந்தன. நியாயம் என்றால் நியாயம். அவற்றுக்கும் போட்டுக்கொண்டாள்.

பழக்கதோஷத்தில் சாச்சா லேப்டாப் பக்கம் குனிந்தார். தன் ஈர விரலைப் பார்த்தார். தன் புத்தம்புது லேப்டாப்பைப் பார்த்தார்.

“என் லேப்டாப்புல ஒரு பொட்டு மருதாணி பட்டுச்சு, நடக்கறதே வேற” என்று தன்னைத்தானே மிரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

வீடு அமைதியானது. எங்கோ தூரத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் அவசரமே இல்லாமல் ஒவ்வொரு பெயராக அனுப்பியது. ஒரு வரி. இன்னொரு வரி. எல்லோரும் விரல்களை விரித்துப் பிடித்தபடி, மூச்சுவிடக்கூட யோசித்துக்கொண்டு பார்த்தார்கள்.

சமீனா. மின்னணுவியல். திருவள்ளூர்.

பக்கத்திலேயே பச்சை நிறத்தில் ‘சம்மதம்’ பட்டன்.

நான்கு பேரும் ஒன்றாகப் பாய்ந்து, ஒன்றாக நின்றார்கள். எல்லாக் கைகளிலும் ஈரம். மணி ஐந்தை நெருங்கிவிட்டது. சாச்சா முழங்கையை மடக்கிக் குறி பார்த்தார்.

“வேணாம் சாச்சா. அக்கா கையில நான் வெக்கவே இல்ல” என்றாள் ஹஸ்னா. “அது அவ சீட்டு. அவதான் அழுத்தணும்.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை நேரம் சமீனாவை யாருமே லேப்டாப் பக்கம் கூப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. வழிவிட்டார்கள்.

சமீனா வந்தாள். ஒரே ஒரு முறை அழுத்தினாள்.

‘உங்கள் இடம் உறுதி செய்யப்பட்டது.’

வீடு அதிர்ந்தது. குல்சும் மாமி குலவையிட்டார். வாப்பா மகளைக் கட்டிக்கொள்ள ஓடிவந்து, கையைப் பார்த்து, முழங்கைகளாலேயே கட்டிக்கொண்டார். அந்தப் பட்டனை யார் அழுத்தினாலும் சரியாகத்தான் வேலை செய்திருக்கும் என்று சாச்சா லேப்டாப்பைப் பாராட்டினார்.

சமீனா தங்கையின் முன்னால் உட்கார்ந்து, பட்டனை அழுத்திய விரலை நீட்டினாள்.

“இப்ப இதுக்கு வையி” என்றாள்.