காணாங்கோழியின் குரல்

அந்தக் குரலுக்கு மட்டும் அவர் பெயர் சொல்லவில்லை.

விடிந்தும் விடியாத நேரம். நாணல் புதர்களின் இடுப்பளவுக்கு மூடுபனி கிடந்தது. பலகைப் பாதையின் முனையில், பயிற்சிக்கு வந்திருந்த இருவரும், அவளும் இன்னொருவனும், கண்களை மூடிக்கொண்டு நின்றார்கள். சதுப்புநில ஆய்வு நிலையத்தின் தலைவர், எல்லோருக்கும் அவர் வெறும் ‘சார்’தான், அவர்களுக்குப் பின்னால் நின்று கேட்கிற குரலுக்கெல்லாம் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். “உள்ளான்… கதிர்க்குருவி… அது ஆள்காட்டி, அதுக்கு வாய் சும்மா இருக்காது.” சொந்தப் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடுகிறவர் போல அவ்வளவு இயல்பாகச் சொன்னார். அப்போது சேற்றுவெளியின் நடுவிலிருந்து ஒரு சீழ்க்கை வந்தது. மெல்லியது. நீளமானது. ஓய்ந்து, மறுபடி வந்தது. ஓய்ந்து, மறுபடி.

அவள் பெயருக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். கழுத்தில் தொங்கிய பைனாகுலரின் வாரை அவர் இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

“இது என்ன பறவை சார்?”

“எது? எனக்கு ஒண்ணும் கேக்கலையே.”

கேட்காமலும் இருந்திருக்கலாம். வயதானால் முதலில் போவது மெல்லிய குரல்களைக் கேட்கும் திறன்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். ‘இனிமே நீங்கதான் என் காது’ என்று சிரித்துக்கொண்டே ஒவ்வோர் ஆண்டும் இளம் பிள்ளைகளைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வார். ஆனால் கேட்காதவரின் முகம் ஏன் சாம்பலாய் வெளுக்க வேண்டும்?

“அது பறவையே இல்ல,” என்று உடன் பயில்கிறவன் அவள் காதருகே முணுமுணுத்தான். தவளைகளைப் படிக்க வந்தவன் என்பதால் அவனுக்கு நிலையத்தில் தவளை என்றே பெயர். “நம்ம விசில்.”

சேர்ந்த அன்றே ஆளுக்கொரு விசிலைக் கழுத்தில் மாட்டிவிட்டிருந்தார்கள். சேற்றில் மாட்டிக்கொண்டால் அசையாதே, விட்டு விட்டு ஊது, யாராவது வருவார்கள். அதுதான் முதல் பாடம். அவன் விசில் அவன் கழுத்தில் இருந்தது. அவளுடையது அவள் கழுத்தில். சேற்றுவெளியில் ஒருவரும் இல்லை.

அவள் அங்கே வந்தது பாடம் படிக்க மட்டும் அல்ல. அவளுக்கு முன்பு அந்த நிலையத்தில் பயின்றவள் அவளுடைய அக்கா. பெரியம்மாவின் மகள், ஆனால் ஒரே வீட்டில், ஒரே பாயில் வளர்ந்தவள். நீண்ட கால்களால் தண்ணீரை அளந்து நடப்பதைப் பார்த்து இங்கே அவளைக் கொக்கு என்று கூப்பிட்டார்களாம். “ஒரு வருஷம் இந்தச் சேத்துல நின்னுட்டேன்னா போதும்டி. அப்புறம் அனுபவம் இல்லைன்னு எவனும் என்னைத் திருப்பி அனுப்ப முடியாது,” என்று போனில் சொன்னவள், அடுத்த மழைக்காலத்தில் அந்தச் சேற்றிலிருந்து திரும்பவில்லை. சொல்லாமல் தனியாகப் போய்விட்டாள், விசில் சத்தம் எதுவும் கேட்கவில்லை என்றார் சார். உடல் கிடைக்கவில்லை. அதே வாரம், அழிந்தே போனதென்று எல்லோரும் நினைத்த ஒரு வகைக் காணாங்கோழியின் குரலைப் பதிவுசெய்தவர் என்று உலகம் அவரைக் கொண்டாடியது.

பெரியம்மா அழவில்லை. சேற்றின் கரையில் குனிந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்தாள். “மண்ணாப் போவான்,” என்றாள். அவ்வளவுதான்.

இனிஷியல் வேறு என்பதால் அவள் கொக்கின் தங்கை என்று நிலையத்தில் எவருக்கும் தெரியவில்லை. “அவ போன எடத்துக்கே நீயும் போகணுமா?” என்று அம்மா கேட்டதற்கு, வேலைக்கு ஆகுமே என்றாள். வன்மத்தோடு படிக்கிற பாடம் மறப்பதில்லை. அளந்து பார்த்து விடுவதற்காக வலையில் பிடித்த பறவையின் கழுத்தை இரு விரல்களுக்கு நடுவே நோகாமல் பிடிக்கக் கற்றாள். சேற்றில் எது தாங்கும், எது விழுங்கும் என்று அதன் மினுமினுப்பைப் பார்த்தே சொல்லக் கற்றாள். முக்கியமாக, குரல்களைக் கற்றாள். சில வாரங்களிலேயே சாரின் காதுக்கு எட்டாததெல்லாம் அவள் காதுக்கு எட்டியது.

சீழ்க்கை கேட்டதற்கு மறுநாள், நாணலுக்குள் கட்டிய வலையில் ஒரு கதிர்க்குருவி துடிப்பதைத் தூரத்திலேயே பார்த்தாள். போய்ச் சேர்ந்தபோது வலை காலியாக இருந்தது. வலைக்கம்பின் கொக்கியில், பிடித்த பறவையைப் போட்டு வைக்கும் துணிப்பை தொங்கியது. சுருக்கு இழுத்துக் கட்டியிருந்தது. உள்ளே ஏதோ அசைந்தது. திறந்து பார்த்தாள். ஓர் இறகும் கலையாமல் அந்தக் குருவி உட்கார்ந்திருந்தது.

“நல்லாத்தான் எடுத்திருக்கே,” என்றாள், பின்னால் வந்த தவளையிடம்.

“நானா? நான் இப்பதானே வர்றேன்.”

பையின் வெளிப்புறம் முழுக்க ஈரச்சேறு. அதில் விரல்கள் பதிந்திருந்தன. ஒல்லியான, நீளமான விரல்கள். அடியாழத்திலிருந்து கிளறிய சேற்றின் நாற்றம், அழுகிய முட்டையும் துருவும் கலந்த மாதிரி, அன்று முழுவதும் அவள் உள்ளங்கையை விட்டுப் போகவில்லை. சோப்புப் போட்டும் போகவில்லை.

சாரிடம் சொன்னார்கள். “வேலை செய்ய வந்தீங்களா, விளையாட வந்தீங்களா?” என்று எரிந்து விழுந்தார். ஆனால் அதற்குப் பிறகு அவர் பலகைப் பாதையில் தனியாக நடக்கவில்லை. புழுக்கத்திலும் அலுவலறையின் சன்னல்களைச் சாத்தி வைத்தார். மாலையில் கடலோதத்தால் தண்ணீர் ஏறும்போது, தூண்களின் மேல் நிற்கும் அந்தக் கட்டடத்தின் அடியில் எதுவோ உரசிக்கொண்டு போகும். மரத்துண்டாக இருக்கும் என்பார் நிலையத்தின் ஜீப் ஓட்டுநர். மரத்துண்டு ஒவ்வோர் அறையின் அடியிலும் நின்று நின்று போகுமா?

ஒரு காலை, “விசிலையெல்லாம் கழட்டிக் குடுங்க. பறவைங்க மிரளுது,” என்று சார் கையை நீட்டினார். வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலமே சீழ்க்கை கேட்டது. இன்னும் கிட்டத்தில்.

தவளை மூட்டையைக் கட்டிவிட்டான். “எனக்குத் தவளையும் வேணாம், தண்ணியும் வேணாம். எங்க மாமா கடையில கணக்கு எழுதிப் பொழைச்சுக்கிறேன். நீயும் கெளம்பு.”

“நான் வரல.”

“அது உன்னைக் கூப்பிடுதுன்னு நெனைக்கிறியா?”

அவளுக்குத் தெரியவில்லை. அக்கா என்று நினைத்தால் மனம் இளகியது. அந்த விரல்தடங்களை நினைத்தால் உள்ளங்கையை மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டாள். ஒரே பாயில் படுத்த அக்கா இத்தனை நாள் அந்தச் சேற்றுக்குள் இருந்து என்னவாக ஆகியிருப்பாள்?

ஓட்டுநர் அவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். நிலையத்தில் சாரும் அவளும் மட்டும். வெயில் இறங்கி, பனி மறுபடி நாணலுக்குள் புகுந்தது. வலைகளைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு அவள் பலகைப் பாதையில் நின்றபோது, சேற்றுவெளியிலிருந்து புதிதாக ஒரு குரல் வந்தது.

க்வீ… க்வீ… க்வீ…

சாரின் அந்தப் பதிவில், பாடத்தின்போது நூறு முறை கேட்ட குரல். காணாங்கோழி.

அலுவலறைக் கதவு படாரென்று திறந்தது. ரெக்கார்டரும் மைக்குமாக, செருப்புக்கூட இல்லாமல் சார் ஓடி வந்தார். இத்தனை நாள் முகத்தில் கிடந்த சாம்பல் போய் ரத்தம் ஏறியிருந்தது. “கேட்டியா? அதுதானே? எனக்குப் பாதிதான் கேக்குது. உன் காதை வச்சுச் சொல்லு. அதேதானே?”

அவள் கண்ணை மூடிக் கேட்டாள். க்வீ. பிறகு ஓர் உள்மூச்சு. க்வீ. மறுபடி உள்மூச்சு. ஈரமாக, இழுத்து, நெடுநாள் காற்றையே காணாதவர் இழுப்பது போல.

எந்தப் பறவையும் அப்படி மூச்சு வாங்காது.

“ஆமா சார்,” என்றாள். “அதேதான்.”

அவர் பலகையை விட்டு இறங்கினார். சேற்றைத் தன் உள்ளங்கைபோல் அறிந்த மனிதர். முதல் சில அடிகளைப் பார்த்துத்தான் வைத்தார். குரல் சற்று நகர்ந்தது. அவரும் நகர்ந்தார். குரல் இடப்பக்கம் போனது. மைக்கை நீட்டிக்கொண்டு, தரையைப் பார்க்காமல், மினுமினுப்பான இடத்தில் காலை வைத்தார்.

முழங்கால். தொடை. இடுப்பு.

குரல் நின்றது.

“கயிறு!” என்று கத்தினார். “அந்தக் கயித்தைப் போடும்மா! தண்ணி ஏறப்போகுது!”

பலகையோரக் கம்பத்தில் கயிறு சுருளாகத் தொங்கியது. அவள் எடுத்தாள். போடவில்லை.

“கொக்கு அன்னைக்கு விசில் ஊதினாளா சார்?”

“முதல்ல கயிறு…”

“ஊதினாளா?”

“அந்தப் பறவை பத்தடி தூரத்துல இருந்துச்சு!” குரல் உடைந்தது. “நான் எந்திரிச்சா பறந்திருக்கும். வாழ்நாள் பூரா தேடினது. கொஞ்ச நேரம் தாங்குவான்னு நெனைச்சேன். அவ நல்ல பொண்ணு, பாடமெல்லாம் தெரிஞ்ச பொண்ணு… ஊதிக்கிட்டே இருந்தா. அப்புறம் நின்னுபோச்சு. நீ யாரு? நீ ஏன் கேக்குறே?”

“அவ தங்கச்சி.”

அவர் அழுதார். சேறு படிந்த முகத்தில் கண்ணீர் இரண்டு கோடுகள் போட்டது. இந்த நிமிடத்துக்காகத்தான் வந்தாள். இதை எத்தனையோ முறை மனசுக்குள் நடத்திப் பார்த்திருந்தாள். ஆனால் மார்பளவு சேற்றில் ஒரு கிழவர் அழுவதைப் பார்க்கப் பார்க்க, அவளுக்குள் எரிந்துகொண்டிருந்தது அவிந்தது. போதும். ஊர் முன்னால் இதைச் சொல்லட்டும். போதும்.

“போதும் அக்கா,” என்று உரக்கச் சொல்லிவிட்டுக் கயிற்றை வீசினாள்.

கயிறு அவருக்கு எதிரில் விழுந்தது. அவர் கையை நீட்டினார். விரல் படுவதற்குள் அதன் நுனி சேற்றுக்குள் போனது. தானாக அமிழவில்லை. இழுபட்டது. சரசரவென்று அவள் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு முழுக்கயிறும் ஓடியது. கடைசி முழமும் போனது. சேறு மூடிக்கொண்டது.

“அக்கா. வேணாம்.”

ஓர் உள்மூச்சு மட்டும். ஈரமாக.

அவர் தலையைப் பின்னால் சாய்த்தார். கத்துவதற்கு வாயைத் திறந்தார். தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை எழுந்தது. கறுப்பு. ஒல்லி. அவசரமே இல்லை. விரல்கள் ஒவ்வொன்றாக அவர் வாயின் மேல் படிந்தன. குழந்தையைச் சத்தம் போடாதே என்று அடக்குவது போல.

கண்கள் மட்டும் தெரிந்தன. பிறகு நெற்றி. பிறகு ஒன்றுமில்லை.

சேறு கண்ணாடியாகச் சமமானது. தண்ணீர் ஏறத் தொடங்கியது.

அந்தக் கறுப்புக் கை மட்டும் இறங்கவில்லை. மணிக்கட்டு வரை நேராக நின்றது. எங்கிருந்தோ ஓர் உள்ளான் பறந்து வந்து, அதன் அருகிலேயே இறங்கி, துளியும் மிரளாமல் சேற்றைக் கொத்தியது. அவளால் காலை எடுக்க முடியவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள்.

கை மெல்லத் திரும்பியது. அவள் பக்கமாக. விரல்கள் விரிந்தன.