ஆறு நாற்பதுக்கு முன்

மாலை ஆறு இருபத்தைந்துக்குக் காலி ஆம்புலன்ஸைப் பாலத்துச் சாலையில் திருப்பினேன். அலுவலகம் விடுகிற நேரம். மருத்துவமனை இங்கிருந்து நாலு கிலோமீட்டர். நடந்தால் முக்கால் மணி, வண்டியில் போனால் ஒரு மணி. தார் போட்ட மறுநாளே குழாய் பதிக்கத் தோண்டுவார்கள், பதித்ததும் மண்ணைத் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். இந்தச் சாலையைப் பற்றிப் பேசினால் என் வாயில் நல்ல வார்த்தை வராது.

பாலத்தடிப் பள்ளத்தில்தான் அது நடந்தது. மூன்று மாதம் ஆகிறது.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வழியில் உயிர் போய்விட்டால், சொந்தக்காரர்கள் முன்னால் வாய்விட்டுச் சொல்லாமல், நர்ஸ் என் முதுகுக்குப் பின்னால் இருக்கிற கண்ணாடியில் இரண்டு முறை தட்டுவார். நான் சைரனை நிறுத்திவிடுவேன். போனவர்களுக்காக நாங்கள் வழி கேட்பதில்லை.

அன்று பின்னால் மூச்சுத்திணறலோடு ஒரு எட்டு வயதுச் சிறுமி. பக்கத்தில் அவள் அப்பா. வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியது.

டொக். டொக்.

நிறுத்திவிட்டேன். அதற்கப்புறம் எதிரே நின்ற வண்டிகள் ஒரு அங்குலம் விலகவில்லை.

"ஏன் சார் சத்தம் நின்னுடுச்சு?" என்றார் அப்பா. பாவம், இவருக்கு இன்னும் தெரியாது என்று நினைத்து நான் வாய் திறக்கவில்லை. பையை அழுத்தி மூச்சு கொடுத்துக்கொண்டிருந்த நர்ஸ் பத்து நிமிடம் கழித்துத்தான் கவனித்தாள்.

"அண்ணே, பாப்பாவுக்கு உயிர் இருக்கு! உங்களை யாரு ஆஃப் பண்ணச் சொன்னது?"

பள்ளத்தில் ஆடிக் கண்ணாடியில் தட்டியது ஆக்சிஜன் சிலிண்டர்.

ஆறு நாற்பதுக்கு, மருத்துவமனை வாசலில், அவள் போய்விட்டாள்.

அன்றிலிருந்து அந்தப் பள்ளத்தைத் தாண்டும்போதெல்லாம் காலி வண்டியில் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்கிறது. முதலில் பயந்து ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தேன். பிறகு பயம் போய்விட்டது. அவளை ஆறு நாற்பதுக்கு முன் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். தினமும் சைரன் போட்டேன், தினமும் தோற்றேன். வாசலை அடைவதற்குள் மூச்சு நின்றுவிடும். ஸ்டியரிங்கில் தலை வைத்து அழுவேன்.

இன்று பள்ளத்தை மூடியிருந்தார்கள். யாரோ பெரிய மனிதர் வருகிறாராம். போலீஸ் எல்லா வண்டிகளையும் ஓரங்கட்டியிருந்தது. சக்கரம் வழுக்கிக்கொண்டு ஓடியது.

பின்னால் மூச்சு இழுத்தது.

"இதோ வந்துட்டோம் கண்ணு."

ஆறு முப்பத்தைந்துக்கு வாசல்.

பின்கதவைத் திறந்துவிட்டுக் கத்தினேன். ஓடிவந்தவள் அதே நர்ஸ். அந்தச் சாவுக்குப் பிறகு ஆம்புலன்ஸ் வேண்டாமென்று அவசர வார்டுக்கு மாறியிருந்தாள்.

"யாருண்ணே? வண்டி காலியா இருக்கே."

"இருக்காம்மா. கையைப் பிடிச்சுப் பாரு. உன் கால்ல விழறேன்."

என் முகத்தைப் பார்த்து மனமிரங்கி, ஸ்ட்ரெச்சரின் வெறும் துணிமேல் கையை வைத்தாள்.

அப்படியே நின்றாள்.

வாசல் கடிகாரத்தில் ஆறு நாற்பது ஆனது. நாற்பத்தொன்றும் ஆனது. உள்ளேயிருந்து யாரைக் கூப்பிடுவது, என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

"அண்ணே..." என்றாள் நர்ஸ். "என் விரலைப் பிடிச்சிருக்கா. விட மாட்டேங்குறா."