மறைப்புரிமை

காலையில் பல் தேய்க்கும்போதே கைப்பட்டை அன்றைய பெயர்களைப் படித்துவிடும். "கணவர், உறுதி. பொறியாளர், உறுதி. மகன், ஆய்வில்." மூன்று மாதமாக அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டதும் துப்பிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவேன். அன்று அப்படிக் கிளம்ப முடியவில்லை. தூத்துக்குடிச் செம்பெயர் அலுவலகத்துக்குப் பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

செம்பெயர்ச் சட்டம் வந்த புதிதில் கைதட்டியவர்களில் நானும் ஒருவன். அதன் வேர் பண்டைச் சீனச் சிந்தனையில் இருந்தது. ஒருவனுக்கு என்ன பெயரோ அதற்கேற்றபடி அவன் நடக்க வேண்டும். பெயர் பிசகினால் நாடே பிசகும் என்பது அவர்கள் கணிப்பு. நம் ஆட்கள் அதை எடுத்து 'நடுவி' என்ற செயற்கை அறிவிடம் ஒப்படைத்தார்கள். கடமை தவறியவனின் பெயரை நடுவி பறித்துவிடும். வார்டுப் பக்கமே தலைகாட்டாத கவுன்சிலர் ஒரே நாளில் வெறும் சுடலைமுத்து ஆனபோது எங்கள் தெருவில் லட்டு கொடுத்தார்கள். நான் இரண்டு வாங்கினேன்.

மறைப்புரிமையும் அதே சிந்தனையிலிருந்து வந்ததுதான். தந்தையின் குற்றத்தை மகன் மறைப்பான், மகனின் குற்றத்தைத் தந்தை மறைப்பார். அதைப் போய்த் தண்டித்தால் வீடு வீடாக இருக்காது என்று அந்தச் சீனத்துப் பெரியவர்கள் நினைத்தார்கள். ஆகவே தந்தைக்கு எதிராகச் சாட்சி சொல்ல மகன் மறுக்கலாம். ஒரே நிபந்தனை, அவன் பெயர் அளவில் மகனாக இருக்க வேண்டும்.

என் அப்பா இசக்கியப்பனுக்கு எழுபத்திரண்டு வயது. மின்பேருந்து டிப்போவில் காவலாளி. மூன்று மாதத்துக்கு முன் டிப்போவில் ஒரு பேட்டரி காணாமல் போனது. அன்று மாலை அவர் என்னோடு நான்கு நிமிடம் காணொளியில் பேசினார். அந்தப் பேச்சை நடுவியாலும் திறக்க முடியாது. பேசிய இருவர் மட்டுமே சொல்லலாம். கட்டிலுக்கடியில் இருந்த பேட்டரியை எனக்குச் சந்தோஷமாகக் காட்டினார். அவருடைய குளிரூட்டிக்குப் புதுப் பேட்டரி கேட்டு இரண்டு கோடை ஆகியிருந்தது. அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொல்லிச் சொல்லியே நான் மறந்துபோனேன். என்னைச் சாட்சிக்கு அழைத்ததும், நான் மகன் என்ற பெயருக்கு உரியவன்தானா என்ற ஆய்வும் தொடங்கியது. குற்றம் உறுதியானால், வீட்டுக்கு வீடு குளிரூட்டி வைத்த குடியிருப்பான குளிர்வளாகத்திலிருந்து அவரை வெளியேற்றி, இரண்டு ஆண்டு வெளிவெயிலில் விட்டுவிடுவார்கள். ஐம்பது டிகிரியில் அந்த வயதுக்காரர் ஒரு கோடையைக் கூடத் தாண்டமாட்டார்.

அலுவலகத்தில் பிரிசில்லா என்ற அதிகாரி இருந்தார். எதிரே அப்பா, மடியில் துணிப்பையோடு. ஆளே பாதியாகியிருந்தார்.

"ஐயா, ஒங்க மகன் கதிரேசன் ஒங்கள வந்து பாக்காரா?" என்று கேட்டார் அதிகாரி.

"பாக்காம? மாசாமாசம் வருவாம்மா" என்றார் அப்பா. "போன மாசங்கூட நெத்திலிக் கருவாடு வாங்கிட்டு வந்தான். நாந்தான் எதுக்குடே செலவுன்னு ஏசுனேன்."

நான் தரையைப் பார்த்தேன். நடுவியின் குரல் வந்தது. "கடைசி வருகைக்குப் பின் ஆறு ஆண்டு, நான்கு மாதம். மகன் தானாகச் செய்த அழைப்புகள், பதினொன்று."

அப்பா பதறிவிட்டார். "அந்த மெசினுக்கு என்ன தெரியும்? அவன் நடந்துல்லா வருவான்!"

பிரிசில்லா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நீங்க பயப்படாதிய ஐயா. மகன் குத்தத்த மறைக்கியது ஒங்க உரிம. பொய் சொன்னதுக்குத் தண்டன கெடையாது." பிறகு நடுவி அறிவித்தது. "தந்தை, உறுதி. மகன், ரத்து."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "சார், இனிமே நீங்க வெளியாள். வெளியாள் சாட்சி சொல்லாம இருந்தா மிச்ச பேரும் போயிரும். வேல, குடும்பம் எல்லாந்தான். பேட்டரியப் பாத்தியளா, இல்லையா?"

வாயைத் திறந்தேன். இன்றுவரை சத்தியமாகத் தெரியவில்லை, அப்போது என்ன சொல்ல இருந்தேன் என்று.

"நாந்தாம்மா எடுத்தேன்" என்றார் அப்பா. "மூணாம் நம்பர் வண்டியில கழத்துனேன். எழுதிக்கிடுங்க. அவன்ட்ட ஒண்ணும் கேக்காதிய. அவன் வாயால அதச் சொன்னாம்னா பெறகு அவனுக்கு ஒறக்கம் வராது."

"ஐயா, யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சிட்டேம்மா. எங்க கையெழுத்துப் போடணும்?"

அந்த நொடியில் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, நிம்மதி. வேலை தப்பியது, வீடு தப்பியது என்ற நிம்மதி. அதற்கு நான் வெட்கப்படுகிறேன். ஆனால் வந்தது அதுதான்.

காவலர் அப்பாவை வாசலுக்கு அழைத்துப் போனார். பின்னாலேயே ஓடிப்போய்த் துணிப்பையை வாங்கக் கை நீட்டினேன்.

"சொந்தக்காரங்க மட்டுந்தான் சார்" என்றார் காவலர்.

அப்பா பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார். கதவு திறந்ததும் வெயில் முகத்தில் அடித்தது. அவர் கண்களைச் சுருக்கிக்கொண்டு படியிறங்கினார். அப்பா என்று ஒருமுறை கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பார். எந்த முகத்தோடு கூப்பிடுவது?