பேச்சு மட்டும் கேட்கவில்லை

"இதை யாராவது ஆசைப்பட்டுக் கேட்டா குடுத்துடுங்கம்மா. எனக்கு இனிமே உதவாது."

ரிப்பேர் கடையின் மேசை மேல், டிவிக்கும் ஸ்பீக்கர்களுக்கும் நடுவே மாட்டுகிற ஒரு ரிசீவர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்தவர் மூச்சு வாங்கினார். அறுபதைத் தாண்டிய மனிதர். சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது, முகம்தான் கசங்கியிருந்தது. வேலையில் இருந்த காலமெல்லாம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் என்பதால் தெருவில் எல்லோரும் அவரை டெலிபோன்காரர் என்றே அழைத்தார்கள்.

கண்டக்டர் ஆர்வமாக எழுந்து வந்தார். அவர் கடைக்காரம்மாவின் கணவர். முப்பது வருஷம் பஸ்ஸில் விசில் ஊதி ஓய்வு பெற்று, இப்போது மனைவியின் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறார். டிக்கெட் எடுக்காதவனை முழியிலேயே பிடித்துவிடுவேன் என்பது அவருடைய பெருமை. ரிப்பேரிலும் கோளாறை அப்படியே பிடித்துவிடலாம் என்று நம்பினார். இதுவரை பிடித்ததில்லை.

"ஏன் சார், எரிஞ்சு போச்சா?"

"பொட்டி நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் காது போயிடுச்சு." டெலிபோன்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். "டிவியில மழை பேஞ்சா கேக்குது. கதவு சாத்துனா கேக்குது. மனுஷன் பேசுனா மட்டும் கேக்கல. நாலு மாசமா இப்படித்தான். ஓட்டல்ல, கல்யாணத்துல எல்லாம் நாலு பேர் நடுவுல உக்காரவே கூச்சமா இருக்கு. எங்கயும் போறதில்ல."

"டாக்டர்கிட்டக் காட்டுனீங்களா?"

"ரெண்டு தரம் கிளம்புனேன். ஒரு தரம் வீட்டுக்காரிக்குத் தலைசுத்தல். இன்னொரு தரம் அவளே போன் பண்ணி வேண்டாம்னுட்டா. வயசானா அப்படித்தான், அதுக்கு எதுக்கு ஊரைக் கூட்டணும்னு."

கடைக்காரம்மா அதுவரை திரும்பிப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒரு ரேடியோவுக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே பழைய மின்விசிறி கடகடத்தது.

"வீட்ல சென்டர் ஸ்பீக்கர் டிவிக்கு மேலயா, கீழயா?" என்று முணுமுணுப்பாகக் கேட்டாள்.

"கீழ, ஸ்டாண்டுலம்மா."

"யார் மாட்டுனது?"

"என் பையன்."

அவள் ஈயக்கோலைத் தாங்கியில் வைத்தாள். பிறகுதான் திரும்பினாள். "இதை நான் யாருக்கும் குடுக்கப் போறதில்ல. வாங்க, உங்க வீட்லயே மாட்டிப் பாத்துடுவோம்."

வழியில் கண்டக்டர் கிசுகிசுத்தார். "செவிட்டு மனுஷனை ஏன் அலைய வைக்கற?"

"மின்விசிறி ஓடுது, எனக்கு முதுகு அந்தப் பக்கம், நான் பேசுனது பக்கத்துல நின்ன உங்களுக்கே கேக்கல. அவரு பதில் சொன்னாரு."

கண்டக்டருக்கு அப்போதுதான் உறைத்தது.

டெலிபோன்காரர் வீட்டுக் கூடம் நீளமானது. டிவியின் இரண்டு பக்கமும் ஆளுயர ஸ்பீக்கர்கள், நடுவே ஸ்டாண்டில் ஒன்று, சோபாவுக்குப் பின்சுவரில் இரண்டு. அவருடைய மனைவி சமையலறை வாசலில் நின்று ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, "செவிட்டுக்கு எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றாள். குரலில் கோபமில்லை. பழகிப்போன அலுப்புதான் இருந்தது.

கடைக்காரம்மா ஒயர்களை மாட்டி ஒரு படத்தை ஓடவிட்டாள். கண்டக்டர் சோபாவில் சாய்ந்தார். பின்சுவரிலிருந்து மழை கொட்டியது. குதிரை ஒன்று முதுகுக்குப் பின்னாலேயே ஓடியது. திரையில் ஒரு தாயும் மகளும் வாய் கிழியப் பேசிக்கொண்டார்கள். ஒரு வார்த்தை புரியவில்லை. போர்வைக்கு அடியிலிருந்து வருவதுபோல ஏதோ முனகல்.

"எனக்கும் கேக்கலயே!" கண்டக்டர் துள்ளி எழுந்தார். "சார், எனக்கும் கேக்கல!"

டெலிபோன்காரர் அவரையே பார்த்தார். பக்கத்தில் இன்னொருவரை உட்கார வைத்துக் கேட்க வேண்டும் என்று நாலு மாதமாக அவருக்குத் தோன்றவேயில்லை. பையனுக்கு ஆலையில் ஷிப்ட். மனைவிக்குப் படம் பிடிக்காது. 'உனக்குக் கேக்குதா?' என்று இவர் கூடத்திலிருந்து கேட்டால், 'கணீர்னு கேக்குதே' என்று சமையலறையிலிருந்து பதில் வரும் என்றார்.

"ஒயர் கழண்டிருக்கும்" என்றார் கண்டக்டர்.

"கழண்டா முனகல்கூட வராது." கடைக்காரம்மா ரிமோட்டில் மெனுவைத் திறந்தாள். படங்களில் பேச்சு நடு ஸ்பீக்கரில்தான் வரும். அதன் ஒலி அளவு மைனஸ் பன்னிரண்டில் இருந்தது. அதற்குக் கீழே இறக்க இடமில்லை. அடுத்த பக்கத்தில், உட்காருகிற இடத்திலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கரும் எவ்வளவு தூரம் என்ற கணக்கு. நடுவில் இருப்பது ஒரு அடி. முன்னால் இரண்டும் நாலு நாலு அடி. பின்சுவரில் இருப்பவை பதின்மூன்று அடி.

"அந்த டேப்பை எடுங்க."

கண்டக்டர் சோபாவிலிருந்து அளந்தார். டிவி பத்து அடி. பின்சுவர் நாலு அடிகூட இல்லை. அவர் திரையைப் போனில் படம் பிடித்துக்கொண்டார்.

"இந்தப் பொட்டியைக் கேட்டா, சாரோட தலை இப்ப அந்த டிவி ஸ்டாண்டு மேல இருக்கு" என்றாள் கடைக்காரம்மா. "இதோட ஒரு சின்ன மைக் குடுப்பாங்க. நாம உக்கார்ற இடத்துல அதை வெச்சு, பட்டனை அமுக்கினா பொட்டியே அளந்து சரி பண்ணிக்கும். யாரு அளந்தது?"

"பையன்தான். வாங்குன அன்னைக்கு." அத்தனை சோர்விலும் டெலிபோன்காரருக்குச் சிரிப்பு வந்தது. "பொய்ங் பொய்ங்னு ஒரே கூத்து. பாதியில இவ தூசி தட்டறேன்னு மைக்கை எடுத்து டிவிகிட்ட வெச்சுட்டா. பேச்சே அமுங்கிப் போச்சுன்னு பையன் தலையில அடிச்சுக்கிட்டு மறுபடி முதல்லேருந்து அளந்தான். அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் அமிர்தமா கேட்டுச்சு."

"நின்னது எப்போ? சரியா ஞாபகம் இருக்கா?"

அவர் முகம் சுருங்கியது. "இருக்கு. நான் எழுதிக் குடுத்த வாரம்."

என்ன எழுதிக் கொடுத்தார் என்பதை மெல்லச் சொன்னார். பையன் வேலை பார்க்கும் ரசாயன ஆலையில் வால்வைத் திறப்பதற்கு முன் அவன்தான் சங்கு ஊத வேண்டும். தொட்டி கழுவுகிறவர்கள் சங்கைக் கேட்டதும் வெளியே வந்துவிடுவார்கள். ஒரு மத்தியானம் ஒருவர் வெளியே வரவில்லை. விசாரணை வந்தபோது, ஆலைக்கு அடுத்த தெருக்காரர் என்ற முறையில், 'அன்று சங்கு ஊதவில்லை, நான் பால்கனியில்தான் இருந்தேன்' என்று இவர் எழுதிக் கொடுத்தார். சங்கு பழுதாகியிருக்கும், பையன் மேல் தப்பு வராது என்று நினைத்து எழுதியது. ஆனால் பையன் ஏற்கெனவே 'ஊதினேன்' என்று எழுதிக் கொடுத்திருந்தான்.

"அப்புறம்தான் காது போச்சு. டிவி கேக்கல. இவளும் நாலு தரம் கூப்பிட்டேன், காதுல விழலயான்னு தினமும் சொல்ல ஆரம்பிச்சா. சங்கையும் நான் கேக்காம விட்டிருப்பேன்னு தோணிடுச்சு. ஆபீசுக்குப் போய், எனக்குக் காது மந்தம், சொன்னது தப்புன்னு கையெழுத்துப் போட்டேன். சங்கு ஊதியும் தொட்டியை விட்டு வரல, கவனக்குறைவுன்னு செத்தவர் மேலயே எழுதிக் கேஸை மூடிட்டாங்க."

கண்டக்டரின் முழி பளிச்சென்றது. வாசலில் அப்போது செருப்புச் சத்தம் கேட்டது. ஷிப்ட் முடிந்து ஆலைச் சீருடையோடு மகன் உள்ளே வந்தான்.

"வாங்க தம்பி!" கண்டக்டர் எழுந்து நின்றார். "பெத்த அப்பனையே செவிடாக்கிட்டு எப்படி நிம்மதியா ஷிப்டு பாக்கறீங்க?"

மகன் கூடத்து நடுவிலேயே நின்றான். "என்னது? யார் இவங்க?"

"நீங்க உக்காருங்க" என்று கணவரைப் பார்த்துச் சொன்னாள் கடைக்காரம்மா. பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "அம்மா, நீங்களும் வந்து உக்காருங்க. ஒரு தடவைதான் சொல்லப் போறேன்" என்றாள்.

அந்த அம்மாள் வந்தாள். உட்காரவில்லை.

"இது தானா வந்த கோளாறு இல்ல. மைக்கைச் சொருகி, பட்டனை அமுக்குனாத்தான் இந்தக் கணக்கு மாறும். கரண்டு போனா மாறாது. தம்பி, நீங்க பேச்சைக் குறைக்கணும்னா என்ன பண்ணுவீங்க?"

"மெனுவுல சென்டர் லெவலைக் குறைப்பேன்" என்றான் மகன், எதற்கென்று புரியாமலே.

"அவ்வளவுதான். தெரிஞ்சவன் ஒரு எண்ணை மாத்திட்டுப் போயிடுவான். இங்க எல்லா எண்ணும் மாறிக் கிடக்கு. மெனுவே தெரியாதவங்க பண்ணுன வேலை இது. மைக்கை டிவிகிட்ட வெச்சா பேச்சு அமுங்கிடும்கற ஒண்ணு மட்டும்தான் அவங்களுக்குத் தெரியும். பக்கத்துல வெச்சதால, நடு ஸ்பீக்கர் ரொம்பக் கத்துதுன்னு பொட்டி தானே குறைச்சுக்கிச்சு. அந்த வாரம் தம்பி எங்க இருந்தாரு சார்?"

"ஆலை விடுதியில. விசாரணை முடியற வரைக்கும் வெளிய விடல."

"அப்ப வீட்ல இருந்தது ரெண்டு பேர். ஒருத்தருக்குப் பேச்சு கேக்கல. இன்னொருத்தருக்குக் கணீர்னு கேட்டிருக்கு. இந்த ஸ்பீக்கர்ல யாருக்குமே கேக்காது. கேக்காதுன்னு தெரிஞ்சவங்கதான் கேக்குதுன்னு சொல்லியிருக்கணும். டாக்டரை நிறுத்துனதும் அவங்கதான்."

டெலிபோன்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் ஈரமில்லாத கையை மறுபடியும் முந்தானையில் துடைத்தாள்.

"ஆமா. நான்தான்" என்றாள். "என்ன அப்படிப் பாக்கறீங்க? செத்தவன் செத்துட்டான். இவனும் ஜெயிலுக்குப் போகணுமா? சொன்னா நீங்க கேக்கற ஆளா? உங்களுக்கு உங்க வார்த்தைதான் பெருசு."

"என் காதை எடுத்துட்டியே…"

"உங்க காதுக்கு என்ன? நல்லாத்தான இருக்கு. வீட்ல சும்மாதான உக்காந்திருக்கீங்க. நாலு மாசம் சத்தம் குறைச்சலாக் கேட்டா என்ன கெட்டுப் போச்சு?"

மகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். தாய் செய்தது தெரியாது என்பது அவன் முகத்திலேயே இருந்தது. தெரிந்த பிறகு அதில் ஒரு சின்ன ஆறுதலும் வந்து உட்கார்ந்ததைக் கண்டக்டர் பார்த்தார். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"நீ ஊதினியா?" என்று கேட்டார் தகப்பனார்.

"அவசரப்படுத்துனாங்கப்பா… ஊதிட்டேன்னுதான் நெனச்சேன்."

"என்கூட வந்து அதைச் சொல்லு."

மகன் தாயின் பக்கம் நகர்ந்து நின்றான். டெலிபோன்காரர் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, கடைக்காரம்மாவிடம், "அம்மா, நீங்க ரெண்டு பேரும் கூட வாங்க. பொட்டியில பாத்ததைச் சொல்லுங்க" என்றார்.

விசாரணை அலுவலகத்தில் அதிகாரி மேசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். கண்டக்டர் நீட்டிய போனை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"டிவிப் பொட்டியில கோளாறுன்னு நான் கோப்புல எழுத முடியுமா?"

"காது நல்லாக் கேக்குதுன்னு டாக்டர் சர்டிபிகேட் வாங்கிட்டு வரேன் சார்" என்றார் டெலிபோன்காரர்.

"அதுல இன்னைக்குக் கேக்குதுன்னு இருக்கும். அன்னைக்குக் கேட்டுச்சான்னு இருக்காது. ரொம்ப நாளாவே காது மந்தம்னு நீங்களே கைப்பட எழுதியிருக்கீங்க பெரியவரே. நானா எழுதச் சொன்னேன்?" அதிகாரி குரலைத் தணித்தார். "உங்க பையன் வந்து சொன்னா எடுத்துப் பாக்கலாம். வருவாரா?"

டெலிபோன்காரர் எழுந்துவிட்டார்.

கடைக்காரம்மா வீட்டுக்குப் போகலாம் என்றாள். அவர் கேட்கவில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு குறுகலான சந்து. அதன் கடைசி வீட்டில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டியில் செத்துப்போனவரின் மனைவி தலை நிமிர்ந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. இவரை அடையாளம் தெரிந்ததும் காலை மிதியிலிருந்து எடுத்தாள்.

"அன்னைக்கு உங்க வீட்டுக்கு வந்து கெஞ்சுனேன். காது கேக்காதும்மான்னு சொல்லி அனுப்பிட்டீங்க. இப்ப என்ன?"

"சங்கு ஊதலம்மா" என்றார் அவர் தணிந்த குரலில். "என் பையன் ஊதல. உன் புருஷன் மேல தப்பே இல்ல. என் காது நல்லாத்தான் இருந்துச்சு."

"ஆபீசுல சொன்னீங்களா?"

"சொன்னேன். எடுத்துக்கல."

அவள் மெஷின் மேலிருந்த துணியை ஒதுக்கினாள். அழவில்லை. எழுந்து வந்து வாசல் கதவை அகலத் திறந்தாள்.

"கவனமில்லாம செத்தான்னு இந்தச் சந்துல எல்லாருக்கும் தெரியும். என் பிள்ளைகிட்டயே சொல்லிட்டாங்க. என்கிட்ட மட்டும் ரகசியமாச் சொன்னா எப்படி? வெளிய வந்து சத்தமாச் சொல்லுங்க."

டெலிபோன்காரர் படியிறங்கிச் சந்தில் நின்றார். ஊர் ஊராகக் குரல்களை இணைத்துவிட்ட அந்த மனிதர் முதல் தடவை முணுமுணுப்பாகத்தான் சொன்னார். "கேக்கல" என்றாள் அவள். அவர் மறுபடியும் சொன்னார். மகனுடைய பெயரைச் சேர்த்து, அவன் சங்கு ஊதவில்லை என்று உரக்கச் சொன்னார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள் நின்று பார்த்தாள். கண்டக்டர் மனைவியின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

"இன்னொரு தடவை" என்றாள் அந்தப் பெண். "அந்தக் கோடி வீட்டுக்காரங்களுக்குக் கேட்டிருக்காது."